தக்காளிச் செடிக்குத் தகரக் கோட்டை

மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டு. மலாக்கா, காஜா பேராங்கில் நானும் மனைவியும் வாடகைக்குக் குடியிருந்தோம். கொல்லையில் அவள் தக்காளி போட்டிருந்தாள். செடிகள் இடுப்பளவு வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூத்தன. காய் மட்டும் பிடிக்கவில்லை.

ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருந்த வீட்டுக்காரருக்கோ எங்கள் கொல்லையில் தன் வேனை நிறுத்த ஆசை.

"மெர்டேக்கா வரைக்கும் பாக்கிறேன் தங்கச்சி. ஒரு காயாச்சும் இருந்தா எடம் உனக்கு. இல்லேன்னா கொத்தனாரக் கூட்டியாந்து சிமெண்டு போட்டுருவேன்" என்று, சுதந்திர நாளான மெர்டேக்காவைக் கெடுவாக வைத்துவிட்டுப் போனார்.

மனைவிக்குச் சந்தேகமெல்லாம் பக்கத்து வீட்டம்மா மேல். அந்த அம்மா மலாக்கா செட்டி; பல தலைமுறைக்கு முன் அங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர். தமிழ் பேச வராது, மலாய்தான். தினமும் காலையில் வேலியோரம் நின்று, "வாஹ், சாந்தேக்லா!" என்று பூக்களின் அழகைப் புகழ்வார். அந்தக் கண்தான் பட்டுவிட்டது என்று முடிவு கட்டி, பழைய தகரங்களை வாங்கிவந்து செடிகளைச் சுற்றி ஆளுயரத்துக்கு நிறுத்தினாள். ஆணி அடித்தது நான்.

அதன் பிறகு உச்சிவெயிலில் இலைகள் துவண்டன. காலையில் பூத்தது காம்போடு உதிர்ந்து, மண் மஞ்சளாகக் கிடந்தது.

"பாத்தீங்களா? தகரத்தையே தொளச்சிட்டு வருது அந்தக் கண்ணு!" என்றாள் மனைவி.

சுதந்திர நாளுக்குச் சில வாரங்கள் இருந்தபோது, ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டம்மாவே வந்தார். கொண்டாட்டத்துக்குச் சமையல் கொட்டகை போடுகிறார்களாம். தகரம் இரவல் வேண்டுமாம். நாங்கள் பதில் சொல்வதற்குள் ஒரு தகரத்தைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் சூடு தாங்காமல் கையை உதறினார்.

"அடோய், பானாஸ்லா!"

உள்ளே எட்டிப் பார்த்தவர் சிரித்துக்கொண்டே மலாயில் கேட்டார்: பூவை என்ன, எண்ணெய் இல்லாமலே பொரிக்கிறீர்களா?

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு தானும் தகரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அன்று மாலையே தகரமெல்லாம் கொட்டகைக்குப் போயிற்று. பதிலுக்கு அந்த அம்மா தென்னங்கீற்று அனுப்பினார். மேற்கு வெயிலுக்கு மட்டும் அதைச் சாய்த்துக் கட்டினோம். கடல் பக்கத்துக் காற்று மறுபடியும் செடிகளை அசைத்தது.

சூடு மிஞ்சினால் தக்காளியின் மகரந்தம் வீணாகிவிடும், பூ காயாகாமல் உதிரும் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். அன்று தெரிந்ததெல்லாம், புதிய பூக்கள் நின்றன என்பது மட்டுமே.

மெர்டேக்காவுக்கு மறுநாள் வீட்டுக்காரர் கொத்தனாரோடு வந்தார். பச்சைப் பசேலென்று நாலைந்து பிஞ்சுகள். குனிந்து பார்த்தார்.

"இதெல்லாம் காயா தங்கச்சி? கோலிக்குண்டு!"

"கோலிக்குண்டு எந்தச் செடியில காய்க்குது அண்ணே?"

கொத்தனார்தான் முதலில் சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்தபடி, "சரி, வேன் ரோட்டுலயே நிக்கட்டும்" என்று கிளம்பினார்.

பக்கத்து வீட்டம்மா தகரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் மனைவி. முதலில் பழுத்த இரண்டு தக்காளியும் அந்த வீட்டுக்குத்தான் போயின. "வாஹ், சாந்தேக்லா!" என்ற குரல் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டது. மனைவி உள்ளே வந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

இன்றும் ஏதாவது கைகூடாமல் போனால் யார் கண் பட்டதோ என்று மனம் தேடத்தான் செய்கிறது; அப்போதெல்லாம், நானே ஆணி அடித்து நிறுத்திய தகரம் பக்கத்தில் எங்காவது சுடுகிறதா என்று முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.