ஜெகநாதன் தோளில் இருந்த கை

மணியம்மைக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. அவளைத் தெரியாதவர்கள் ஏமாறுவது இங்கேதான். அவள் கத்துகிற வரைக்கும் பயப்பட ஒன்றுமில்லை. குரல் இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "சரி" என்று ஒற்றை வார்த்தை சொன்னாள் என்றால் எதிரில் நிற்பவர் நடையைக் கட்டிவிடுவது நல்லது. கே.ஜி.கண்டிகையில் நாற்பது வருஷமாக நடவுக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள். வரப்பில் குடை பிடித்து நின்று அதிகாரம் பண்ணும் நிலத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்த "சரி" தெரியும். கூடவே இருந்த கொழுந்தன் சந்திரமோகனுக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

மணியம்மை பிறந்தது பள்ளிப்பட்டுப் பக்கம். வீட்டில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். அப்பாவை நைனா என்று கூப்பிடும் பழக்கம் அவளோடு புகுந்த வீட்டுக்கு வந்து, அவள் பெற்ற மகன் தணிகைவேலுக்கும் மகள் அனிதாவுக்கும் ஒட்டிக்கொண்டது. வயல் வேலைக்குப் போகும் புருஷன் ஜெகநாதன் நல்ல மனுஷன். நாலு பேர் நல்ல மனுஷன் என்று சொல்ல வேண்டுமே என்பதற்காக வாயையே திறக்காத மனுஷன். அதிலும் தம்பி எதிரில் என்றால் எச்சில் விழுங்குகிற சத்தம்கூடக் கேட்காது.

தம்பி சந்திரமோகனுக்கு வெளுத்த வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பவன் அவன். பந்தல், மேளம், பாடை எல்லாம் அவன் பொறுப்பு. முக்கியமாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். செத்தவர் படத்துக்குக் கீழே யார் பெயர் வரும், எந்த வரிசையில் வரும், யார் பெயர் வராது என்பதெல்லாம் அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவனும் ஓடியாடி உழைப்பான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊர்ச் சாவையெல்லாம் தன் கையில் வைத்திருப்பவனுக்கு, உயிரோடு இருப்பவர்களும் தன் கையில்தான் என்ற நினைப்பு எப்படியோ வந்துவிடுகிறது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அனிதா, அரக்கோணத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் முஸ்தஃபாவைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். மூன்றாம் நாள் காலையில் நடவுப் பெண்களோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்த மணியம்மை சுவரைப் பார்த்தாள். அங்கே மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த படம். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'எங்கள் மகள் அனிதா அகால மரணமடைந்தார்'. அதற்கும் கீழே, 'இப்படிக்கு, பெற்றோர் ஜெகநாதன் – மணியம்மை'.

உயிரோடு போன பெண்ணுக்குச் சாவு போஸ்டர் அடிக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் உண்டு. மானம் போய்விட்டதென்று மார்தட்டும் ஆம்பளைகள் அந்த மானத்துக்கு மைதா பசை தடவி ஊர் ஊராக ஒட்டிவிட்டு வருவார்கள். என்ன புத்தியோ, எந்தச் சாமி கொடுத்ததோ. மணியம்மை நகத்தால் சுரண்டிச் சுரண்டி அந்தப் போஸ்டரை முழுசாக உரித்தெடுத்தாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டு நடவுக்குப் போனாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் புருஷனைக் கேட்டாள்.

"என் பேர யாரக் கேட்டுப் போட்ட?"

"மோகன் பண்ணிட்டான். நான் இன்னா செய்றது?"

அதற்கப்புறம் மூன்று மாதம் அவருக்குச் சோறு போட்டாள், பேச்சுக் கொடுக்கவில்லை. போஸ்டர் அரிசி டிரம்முக்கு அடியில் போனது. அவள் மட்டும் அமாவாசைக்கு அமாவாசை அரக்கோணம் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். யாராவது கேட்டால், "ஆங், என் பொண்ணு வூட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். மேற்கொண்டு கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஜெகநாதனுக்கு அப்படி முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் இல்லை. ஆனால் அவருடைய மொபெட் மாதம் ஒருமுறை தவறாமல் ரிப்பேர் ஆனது. பக்கத்துத் திருத்தணியில் தடுக்கி விழுந்தால் மெக்கானிக். அவருக்கோ அரக்கோணம் போனால்தான் அந்த வண்டி சரியாகும். போகும்போது கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு போவார். வரும்போது காலரில் பேத்தியின் எச்சில் காய்ந்திருக்கும். "இன்னா, பிளக் மாத்தினாங்களா?" என்று மணியம்மை கேட்பாள். "கார்புரேட்டரு" என்பார் அவர், தலையைத் தூக்காமல். அவளுக்குச் சிரிப்பு வரும். கூடவே வயிறும் எரியும். பெற்ற மகளைத் திருடனைப் போலப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாரே என்று.

இந்த மாசியில் அந்த மனுஷன் வாசலில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். சாகும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சேதி கேட்டு அனிதா புருஷனோடு பைக்கில் ஓடிவந்தாள். தெருமுனையில் சந்திரமோகன் மறித்துக்கொண்டான். "செத்தவ எப்படி சாவுக்கு வருவா? ஊருக்கே போஸ்டர் ஒட்டியாச்சி" என்றான். சுற்றி நின்ற பங்காளிகள் மேளக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திரும்பிப் போனாள். உள்ளே பிணத்தின் தலைமாட்டில் இருந்த மணியம்மைக்கு இது தெரியாது. மகள் ஏன் வரவில்லை என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள்தான் மருமகள் அனுசுயா மெல்லச் சொன்னாள். மணியம்மை உடனே மகளுக்குப் போன் போட்டாள்.

"பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துடு."

"நான் செத்துட்டனேம்மா" என்றாள் அனிதா. அழவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். "நைனா செத்து மூணு நாளாச்சி, எனக்கு அழுகையே வரமாட்டேங்குது. அங்க வந்து அந்தாளு வாயால இன்னொரு வாட்டி செத்தவன்னு கேக்கணுமா? நான் வரமாட்டேன்."

"சரி" என்றாள் மணியம்மை.

பதினோராம் நாள் சந்திரமோகன் காரியத்துக்கான போஸ்டரை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். அனுசுயா போனைக் கொண்டுவந்து காட்டினாள். ஜெகநாதன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மகன், மருமகள், தம்பி, தம்பியின் பிள்ளைகள், பங்காளிகள் என்று பெயர்கள் வரிசையாக இருந்தன. அனிதா இல்லை. மணியம்மை பெயர்களை இரண்டுமுறை படித்தாள். பிறகு படத்தையே பார்த்தாள். அந்தப் படம் அவளுக்குத் தெரியும். போன ரம்ஜானுக்கு அரக்கோணத்து ஷெட்டில் அனிதா எடுத்து, நைனா போனுக்கு அனுப்பிய படம். அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்த படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். செத்தவர் போனைக் குடைந்து அதை எடுத்திருக்கிறான்.

"சித்தப்பாவப் பகைச்சிக்காதம்மா. காரியம் முடியட்டும்" என்றான் தணிகைவேல். அப்படியே அப்பனை உரித்து வைத்திருந்தான். அவள் அரிசி டிரம்மை நகர்த்தி அந்தப் பழைய போஸ்டர் மடிப்பை எடுத்துக்கொண்டு திருத்தணிக்குப் பஸ் ஏறினாள்.

பரந்தாமன் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில். போஸ்டர், பேனர், காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அங்கேதான். அவளைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூல் போட்டான்.

"மோகன் அண்ணன் ஓகே பண்ணிட்டாருக்கா. பிரிண்டுக்குப் போகப் போகுது."

"படத்தப் பெருசாக் காட்டு."

கம்ப்யூட்டரில் ஜெகநாதன் பெரிதானார். பின்னால் மேகமும் விளக்கும் வைத்திருந்தான். இடது தோளில், சட்டை மேலே, நாலு சின்ன விரல்களும் பச்சைக் கண்ணாடி வளையலின் ஓரமும் தெரிந்தன. மற்றதெல்லாம் மேகமாகிவிட்டிருந்தது.

"இது இன்னா?"

"அது பிசிறுக்கா. விட்டுப்போச்சி. இதோ அழிச்சிடறேன்."

"பிசிறு இல்ல" என்றாள் மணியம்மை, குரலை உயர்த்தாமல். "அது என் பேத்தி கை. தாத்தா தோள்மேல ஏறிகினு இருந்தா. நீ அழிச்ச எடத்துலதான் அவ மூஞ்சி இருந்திச்சி."

பரந்தாமன் கையை மவுஸிலிருந்து எடுத்தான். "மோகன் அண்ணன்தான் கொழந்தய எடுக்கச் சொன்னாரு. அதுவும் நல்லதுக்குத்தான். உசுரோட கீற கொழந்த படத்த அஞ்சலி போஸ்டர்ல போடக் கூடாதுக்கா. ஆகாது."

மணியம்மை மடியிலிருந்ததை எடுத்து மேஜைமேல் விரித்தாள். மடிப்புகளில் தாள் நைந்திருந்தது. அனிதாவின் முகம் மட்டும் அப்படியே இருந்தது. அடியில் பொடி எழுத்தில் பரந்தாமன் கடைப் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

"நீ இத அடிச்சப்ப இவ உசுரோட இருந்தாளா, இல்லியா?"

அவன் தாளின் அடியிலிருந்த தன் கடைப் பெயரைப் பார்த்தான்.

"இவளுக்கு மட்டும் ஆச்சா?"

"நான் தொழில் பண்றவன்க்கா. சொல்றத அடிக்கிறேன்."

"ஆங். இன்னிக்கும் தொழிலே பண்ணு. நான் சொல்றத அடி. அவரு எனக்குப் புருஷன், உன் மோகன் அண்ணனுக்கு இல்ல. கொழந்த மூஞ்சி வேணாம், அது நல்லா இருக்கட்டும். அந்தக் கைய மட்டும் தொடாத. மகன் தணிகைவேல், மருமகள் அனுசுயா. போட்டியா? மகள் அனிதா, மருமகன் முஸ்தஃபா. பேத்தி அஃப்ஷான்."

பரந்தாமன் தட்டினான். தட்டிவிட்டுத் தயங்கினான். "மோகன் அண்ணன் பேரு?"

"கூடப் பொறந்தவன்தான, போடு. கடசில போடு."

"இப்படிக்கு?"

"மணியம்மை" என்றாள். "போன வாட்டி என்னைக் கேக்காம போட்ட. இந்த வாட்டி நானே சொல்றேன், நல்லா கேட்டுக்கோ."

மறுநாள் விடிந்ததும் நடவுப் பெண்கள் ஏழு பேர், ஒரு வாளி மைதா பசை, தென்னந்துடைப்பம் சகிதம் கிளம்பினார்கள். புருஷனைப் பறிகொடுத்துப் பதினாறு நாள் ஆகாதவள் தெருவில் இறங்கலாமா என்று இரண்டு வீட்டு வாசலில் முணுமுணுத்தார்கள். மணியம்மை அந்த இரண்டு வீட்டுச் சுவரிலும் ஒன்று ஒன்று ஒட்டச் சொன்னாள். பால் சொசைட்டி, ரேஷன் கடை, டீக்கடை என்று முடித்துவிட்டு, பஸ் ஸ்டாப் சுவருக்கு மட்டும் தானே துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் நகம் ஒடியச் சுரண்டிய அதே இடத்தில் புருஷன் படத்தை வைத்து, நாலு மூலையும் கையால் தேய்த்தாள்.

சந்திரமோகன் வேட்டி அவிழாத குறையாக ஓடிவந்தான். "இன்னா அண்ணி பண்ணிகினு இருக்க? செத்தவளையும் துலுக்கனையும் அண்ணன் போஸ்டர்ல போட்டா பங்காளி ஒருத்தன் காரியத்துக்கு வரமாட்டான். கைய நனைக்க ஆள் இருக்காது."

"சரி" என்றாள் மணியம்மை. "சோறு மிச்சமானா நடவுக்காரிங்க சாப்பிட்டுக்குவாங்க. அவங்களும் வயல்ல அவரு கூட நின்னவங்கதான்."

போஸ்டரை அனுசுயாதான் போனில் படமெடுத்து அரக்கோணத்துக்கு அனுப்பினாள். பதிலே வரவில்லை. நாலு நாள் மணியம்மையும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காலை ஆறு மணிக்கே அவள் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஏரிக்கரையில் ஐயர் காத்திருப்பதாகத் தணிகைவேல் இரண்டுமுறை வந்து கூப்பிட்டான். "இருக்கட்டும்" என்றாள். எதிரே டீக்கடையில் சந்திரமோகனும் நாலைந்து பங்காளிகளும் நின்றார்கள். ஒரு பஸ் போனது. இன்னொன்று போனது. மூன்றாவது பஸ்ஸிலிருந்து முஸ்தஃபா இறங்கினான். அவனுக்குப் பின்னால் அனிதா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயசு அஃப்ஷான்.

சந்திரமோகன் ரோட்டைக் கடந்து வந்து குறுக்கே நின்றான். "அண்ணி, கடசியா சொல்றேன். இவ செத்துட்டான்னு ஊரு சொல்லி எட்டு வருஷம் ஆவுது."

"ஊரு சொல்லல, நீ சொன்ன" என்றாள் மணியம்மை. சுவரைக் காட்டினாள். "அதுல இன்னா போட்டிருக்குது, படி. சத்தமா படி."

அவன் படிக்கவில்லை. ஒன்றாவது படிக்கிற அஃப்ஷான்தான், தன்னிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். "ம... க... ள். மகள். அ... னி... தா. அம்மா, உன் பேரு." பிறகு தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தாள். எட்டி அந்தத் தோளைத் தொட்டாள். "இது என் கை."

அனிதா குனிந்து பார்த்தாள். பச்சை வளையலைப் பார்த்தாள். பதினாறு நாளாக வராத அழுகை அப்போது வந்தது. சுவரில் நெற்றியை வைத்து, "நைனா, நைனா" என்று அவள் போட்ட ஓலத்தில் டீக்கடை பாய்லர் சத்தம்கூட அடங்கிப்போன மாதிரி இருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த பங்காளிகளில் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

மணியம்மை மகளைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு, கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"செத்தவ அழுவுறா, மோகனா. நல்லா கேட்டுக்கோ."

அவன் வழியை விட்டு விலகினான். மணியம்மை பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள்.