கன்னியப்பன் போட்ட கையெழுத்து

இருபத்திரண்டு வயதில் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போன கன்னியப்பன், பதினாறு வருஷம் கழித்து ஆம்பூருக்குத் திரும்பியபோது வங்காளியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசினார். டாங்ரா பகுதித் தோல் தொழிற்சாலைகளில் அப்போது நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பதனிட்ட தோலைத் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ரகம் பிரித்து அடுக்குவது அவர் வேலை. தொழிற்சாலைகளை நகரத்துக்கு வெளியே தள்ளச் சொல்லிக் கோர்ட் உத்தரவு வந்த சமயம், மனைவி சம்பூர்ணம் "சம்பாரிச்சது போதும், வந்து சேரு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வந்தார். மக்பூல் அகமதுவின் டேனரியில் அதே வேலை கிடைத்தது.

வேலை கிடைத்ததே தவிர, கற்றுவந்த பாஷைக்கு இங்கே உபயோகமில்லை. வீட்டில் கோபம் வந்தால் வங்காளியில் திட்டுவார்; சம்பூர்ணம் சிரிப்பாள். அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் வடக்கிலிருந்து ஆட்கள் டேனரிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் வர ஆரம்பித்த பிறகுதான் அவருக்குப் பேச்சுத்துணை கிடைத்தது. பைபாஸ் பக்கத்து டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் நாலு பேர் "தாதா, தாதா" என்று அவர்கள் பாஷையில் அண்ணா போட்டுச் சுற்றிக்கொள்வார்கள். அந்த உற்சாகத்தில் ஒருநாள் வாயை விட்டார்.

"பேச்ச வெச்சே சொல்லிடுவேன், எவன் நம்ம நாட்டுக்காரன், எவன் பங்களாதேஷ்காரன்னு. எங்கிட்ட ஏமாத்த முடியாது."

டீக்கடையில் சொன்னது போலீஸ் நிலையம் வரைக்கும் போகும் என்று அவர் நினைக்கவில்லை.

போன வருஷம் மே மாதம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சட்டவிரோதமாகக் குடியேறியவர்களை முப்பது நாளைக்குள் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். டி.வி.யில் ஒருவர் இந்த வட்டாரத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் ஒளிந்திருக்கிறார்கள் என்றார். அடுத்த வாரமே வங்காளி பேசும் தொழிலாளிகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் மதியழகன் கன்னியப்பனுக்கு ஆள் அனுப்பினார்.

"ஆதாரு எல்லார்கிட்டயும் கீதுண்ணே. ஆனா ஆதாரு செல்லாது, பொறந்த சர்டிபிகேட் கேளுன்றாங்க. எங்கம்மாவுக்கே அது கெடையாது. இவங்ககிட்ட எங்கேர்ந்து இருக்கும்? ஊரு ஊருக்கு லெட்டர் போட்டு பதிலு வர்றதுக்குள்ள முப்பது நாளு ஓடிப்போயிடும். நீங்க ஒருத்தர் ஒருத்தரா பேச வெச்சுப் பாருங்க. சந்தேகம்னு பட்டா மட்டும் சொல்லுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் குஷன் நாற்காலியை அவருக்குப் போட்டார்கள். போலீஸ்காரர்கள் "சார்" என்றார்கள். அறுபத்தோரு வயதில் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது அவருக்குப் பிடித்திருந்தது என்பதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

ஊர் பேர் என்ன, காலையில் என்ன சாப்பிட்டாய், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்பார். பதிலைக் கேட்டுத் தலையாட்டுவார். ஆளுக்கு இரண்டு நிமிஷம். காதுக்குப் பழகின பேச்சாக இருந்தால் வலது பக்கம், உறுத்தினால் இடது பக்கம். மத்தியானத்துக்கு மேல் இன்னும் நூறு பேர் பாக்கி இருந்தார்கள். ஆளுக்கு ஒரு நிமிஷமானது.

நாலு மணி சுமாருக்கு ஜியாருல் வந்து நின்றான். தோலை ஊறப்போடும் தொட்டிகளில் வேலை செய்கிறவன், கையெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பயத்தில் நாக்கு குழறியது. தன்னைச் சொல்ல "ஆமி" என்று சொல்லவேண்டிய இடத்தில் "மூய்" என்றான். வினைச்சொற்களின் வாலெல்லாம் வேறு மாதிரி இருந்தது. கன்னியப்பன் பதினாறு வருஷத்தில் கேட்டிராத பேச்சு அது.

"இது இன்னா பேச்சுன்னே தெரியலயே சார். நான் கேட்டதில்ல" என்றார்.

"அப்போ நம்ம நாட்டு பெங்காலி இல்ல?"

"நான் கேட்டதில்லன்னுதான்..."

"சரிதான்" என்று எழுதிக்கொண்டார் மதியழகன். ஜியாருல் இடது பக்கம் போனான். கன்னியப்பன் வாயைத் திறந்தார்; அதற்குள் அடுத்த ஆள் வந்து நின்றுவிட்டான். சாயந்திரம் பதினாலு பேர் கொண்ட பட்டியலைக் காட்டி, மொழி தெரிந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எல்லாம் இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. போட்டார்.

மறுநாள் காலை வாசலில் ஒரு பெண் நின்றாள். ஜியாருலின் மனைவி ரொஹிமா. கல்யாணமாகி இரண்டு வருஷம், ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. ஆம்பூர் பெண்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாக வந்திருந்தது.

"அண்ணா, எங்க வூட்டுக்காரரப் பத்தி நீங்க இன்னா சொன்னீங்க?"

கன்னியப்பன் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"எங்க ஊரு கூச்பிகார் ஜில்லாண்ணா, எல்லைக்கு இந்தப் பக்கம். கல்கத்தாவுலேர்ந்து ஒரு ராத்திரி முழுக்க ரயில்ல போவணும். அங்க எல்லாரும் மூய்ன்னுதான் சொல்லுவோம். இந்து, முஸ்லிம் எல்லாரும். எங்க பஞ்சாயத்துத் தலைவரும் அப்டிதான் பேசுவாரு. நீங்க அந்தப் பக்கம் போனதில்லையாண்ணா?"

அவள் குரலில் கோபம் இல்லை. தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அதுதான் அவரை வெட்டிப்போட்டது.

அவள் போனபிறகு சம்பூர்ணம் சமையலறையிலிருந்து வந்தாள். "தெரியாதுன்னா எழுந்து வந்துடறதுதானே? சாயந்திரம் வரிக்கும் அங்க இன்னாத்துக்குயா உக்காந்துனு இருந்த?"



சட்டையை மாட்டிக்கொண்டு நேரே நிலையத்துக்குப் போனார். மதியழகன் கெட்ட மனிதர் இல்லை. உட்கார வைத்து டீ வரவழைத்தார்.

"சார், நான் தெரியாதுன்னேன். நீங்க இல்லன்னு எழுதிட்டீங்க. ஒரு தோலுக்கே ரெண்டு தபா திருப்பிப் பாப்பேன் சார். அந்தப் பையன ஒரு நிமிசம்கூட பாக்கல. அவன் பேர எடுத்துடுங்க."

"பட்டியல் மேல போயிடுச்சுண்ணே. இனிமே அவங்க ஊருலேர்ந்து பதில் வந்தாதான் பேர எடுக்க முடியும். லெட்டர் போட்டுருக்கேன், போனும் போட்டேன். அந்த ஸ்டேஷன்ல எடுத்தவரு பேசற இந்தி எனக்குப் புரியல, நான் பேசற இங்கிலீஷ் அவருக்குப் புரியல. நீங்களே பேசிப் பாருங்க."

கன்னியப்பன் பேசினார். மூன்று நாள் பேசினார். இந்தியா முழுக்க எல்லா ஊரிலிருந்தும் இதே மாதிரி விசாரணை வந்து குவிந்து கிடக்கிறது, வரிசைப்படிதான் பார்ப்போம் என்று பதில் வந்தது. கூச்பிகாரில் ரொஹிமாவின் மாமனார் தன் அப்பா காலத்து நிலப்பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அந்த நிலையத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பத்திரத்தில் அந்த அப்பாவின் பெயர் ஜமிருத்தீன். வாக்காளர் பட்டியலில் ஜோமிர் உத்தின். இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு இன்னொரு சான்று கேட்டார்கள்.

பதினாலு பேரில் ஒன்பது பேருக்கு ஊரிலிருந்து பதில் வந்து, விட்டுவிட்டார்கள். நாலு பேர் எல்லை தாண்டி வந்ததைத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். பதில் வராதவன் ஜியாருல் மட்டும்தான். முப்பது நாள் முடிய ஒரு வாரம் இருந்தது. ஐந்து பேரையும் கொண்டுபோக எட்டுப் போலீஸ், கூடவே மொழிபெயர்க்க ஓர் ஆள். கன்னியப்பன் தானாகவே வருகிறேன் என்றார். எல்லையில் இருக்கும் அதிகாரியிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று நம்பினார்.

ஆயிரக்கணக்கானவர்கள் என்று சொல்லப்பட்ட இடத்திலிருந்து ஐந்து பேர் கிளம்பினார்கள். நிலையத்தில் திருவிழா பந்தோபஸ்துக்கு ஆள் போதாமல் மதியழகன் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் ரயில் பயணம். பிறகு ஒரு நாள் வேன்.  மற்ற நாலு பேரில் நடுவயதுக்காரர் ஒருவர் வேலூரில் பதினோரு வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். தான் கட்டின வீடுகள் எந்தெந்தத் தெருவில் இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஜியாருல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். முதல் நாள் முழுக்கக் கன்னியப்பனைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் நாள் அவர் வாங்கிக்கொடுத்த முட்டை சாதத்தைத் தின்றுவிட்டுக் கேட்டான்.

"தாதா, நான் வேற மாதிரி பேசியிருந்தா விட்டுருப்பீங்களா?"

"விட்டுருப்பேன்."

"எனக்கு அந்தப் பேச்சும் தெரியும். ஸ்கூல்ல கத்துக் குடுத்தாங்க. பயத்துல வரல."

கன்னியப்பன் எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டார். ஒரிசாவின் வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே நின்று அழுததை உடன் வந்த போலீஸ்காரர் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார்.

எல்லை முகாமில் அதிகாரி இளவயதுக்காரர், இந்திக்காரர். கன்னியப்பன் அரைகுறை இந்தியில் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு காகிதக் கட்டைப் பிரித்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

"இதில் இவன் இந்திய வங்காளி இல்லை என்று இருக்கிறது. இப்போது அப்படியில்லை என்கிறீர்கள். எதை நான் நம்புவது?"

"இப்ப சொல்றத நம்புங்க சார்."

"எழுதியதுதான் என் கையில் இருக்கிறது. நீங்கள் போகலாம்."

ஜியாருல் வேலியோரம் நின்றிருந்தான். ரொஹிமாவிடம் சொல்ல ஏதாவது உண்டா என்று கன்னியப்பன் கேட்டார். வாடகை வீட்டின் கூரையில் ஒழுகுகிற இடத்தில் ஷீட் மாட்ட வேண்டும், மழைக்கு முன்னால் ஓனரிடம் சொல்லச் சொல்லுங்கள் என்றான். 

அவர் ஆம்பூர் வந்து சேர்ந்த இரண்டாம் நாள் கூச்பிகாரிலிருந்து பதில் வந்தது. ஜியாருல், தகப்பன் பெயர், தாத்தா பெயர், எல்லாம் சரி, இந்தியக் குடிமகன். மதியழகன் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே ஓடிவந்தார். முகாமுக்குப் போன் போட்டார்கள். அன்று விடியற்காலையிலேயே அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

நாலு நாள் கழித்து யாரோ ஒருவருடைய போனிலிருந்து ஜியாருல் மனைவியிடம் பேசினான். ஆற்றங்கரையில் இறக்கிவிட்டு நேராக நடக்கச் சொன்னார்களாம், திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார்களாம். கூடப் போன நாலு பேரும் அவரவர் ஊர் தேடிப் போய்விட்டார்கள். அவனுக்குப் போக ஊர் இல்லை. அதற்குப் பிறகு ஒரு சந்தையில் பங்களாதேஷ் போலீஸ் பிடித்தது. அவன் இந்தியன், அனுமதியில்லாமல் நுழைந்தான் என்று அங்கே வழக்குப் போட்டுச் சிறையில் வைத்துவிட்டார்கள். இங்கே அந்நியன் என்று துரத்தப்பட்டவன் அங்கே அந்நியன் என்று அடைபட்டான்.

டேனரி முதலாளி மக்பூல் அகமது வக்கீல் வைத்தார். தான் தவறாகச் சொன்னேன், தெரியாத பேச்சைத் தெரிந்த மாதிரி கையெழுத்துப் போட்டேன் என்று கன்னியப்பன் பிரமாண வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். உங்கள் மேலேயே கேஸ் வரலாம் என்று வக்கீல் எச்சரித்தார். "வரட்டும்" என்றார். கல்கத்தா ஐகோர்ட் அவனைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு போட்டது. ஆனால் அனுப்புவதற்கு ஒரு விடியற்காலை போதுமாயிருந்தது. திரும்ப அழைப்பதற்கு இரண்டு அரசாங்கங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கடிதங்கள் எட்டு மாதமாகப் போய்வந்துகொண்டிருக்கின்றன.

ரொஹிமா வீட்டைக் காலி செய்துகொண்டு மாமனார் வீட்டுக்குக் கிளம்பினாள். ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்குக் கன்னியப்பனும் சம்பூர்ணமும் போனார்கள். வண்டி வருகிற வரைக்கும் சம்பூர்ணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்ன மன்னிச்சுடும்மா" என்றார் கன்னியப்பன். ரொஹிமா பையை இறக்கி வைத்துவிட்டு, "வண்டி எத்தினியாவது பிளாட்பாரம்ணா?" என்று கேட்டாள். மன்னித்தாளா என்பது அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

ஜனவரியில் இரண்டாவது உத்தரவு வந்தது. மறுபடி மண்டபம், மறுபடி முப்பது நாள். அழைக்க வந்த போலீஸ்காரரிடம், "வர்ல தம்பி. எனக்கு அந்த பாஷ தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். டீக்கடைக்கும் இப்போது போவதில்லை.

மாதத்துக்கு இரண்டு தடவை ரொஹிமாவிடமிருந்து போன் வரும், பெரும்பாலும் பிற்பகலில். முதல் தடவை அவர் வங்காளியில் ஆரம்பித்தபோது அவள் தடுத்துவிட்டாள்.

"தமிழ்லயே பேசுங்கண்ணா. இங்க எனக்குத் தமிழ் பேச ஆளே இல்ல."

கேஸ் என்ன ஆயிற்று என்று அவள் கேட்பதை நிறுத்தி மூன்று மாதமாகிறது. பாலாற்றில் தண்ணீர் வந்ததா, கம்பெனியில் மேகலாவுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா, சம்பூர்ணத்துக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்வார். தண்ணி கம்மிதாம்மா. பொண் கொழந்த. வலி ஜாஸ்தியாதான் கீது, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு அடம். அவள் "உம்" போட்டுக்கொண்டே இருப்பாள்.