ஊசியில் ஒன்றும் வரவில்லை

என் மனைவியின் சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடித்துப் பல வாரங்களாகியும் இரத்த அணுக்கள் ஏறவில்லை. மருந்தின் கடுமையா, நோய் எலும்பு மஜ்ஜைக்குள் புகுந்துவிட்டதா என்று பார்த்தாக வேண்டும் என்றார் மருத்துவர். மருந்தென்றால் உடல் தேறக் காத்திருக்கலாம். நோயென்றால், பிழைப்பாள் என்ற நம்பிக்கையை நாங்கள் விட்டுவிட வேண்டியதுதான்.

அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்புறத்தை மரக்கச் செய்து, தடித்த ஊசியைத் திருகி இறக்கினார்கள். நான் தலைமாட்டில் நின்று பதிகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எலும்பெல்லாம் உருகி ஈசனைத் தொழவேண்டும் என்று நான் பாடாத நாளில்லை. எலும்புக்கு வலி உண்டென்பதை, அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கியபோதுதான் அறிந்தேன்.

"கொல்லையில போர் போடறாப்ல இருக்குதுங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "தண்ணி வந்துச்சான்னு கேளுங்க."

கல்வராயன் அடிவாரத்து எங்கள் கொல்லையில், வெறும் புழுதியைக் கக்கி வறண்டுபோன ஆழ்துளைப் போரை இருவரும் நின்று பார்த்திருக்கிறோம்.

மருத்துவர் சிரித்துவிட்டார். உறிஞ்சிப் பார்த்தார், ஏதும் ஏறவில்லை. இடம் மாற்றிக் குத்தியும் வரவில்லை. "ஒன்னும் வரலங்கம்மா. எலும்புலயே துளி எடுத்து அனுப்பறேன், அதுல தெரிஞ்சிடும்."

ஒன்றும் வரவில்லை என்ற சொல்லை நான் வரமாக ஏந்திக்கொண்டேன். உள்ளே நோய் இருந்தால் ஊசியில் வந்திருக்குமே! "ஒன்னுமே இல்லையாம், பாத்தியா?" என்றேன் அவளிடம். ஊர் திரும்புகையில் திருக்கோவிலூர் தாண்டி ரிஷிவந்தியத்தில் இறங்கி, உமையைப் பாதியாகக் கொண்டவன் சந்நிதியில், நெடும் பதிகமொன்றைக் குரல் தழுதழுக்கப் பாடினேன். அவள் தூணில் சாய்ந்து கண்மூடிக் கேட்டாள்.

எலும்புத் துணுக்கின் முடிவு வந்தது. மஜ்ஜை இருக்கவேண்டிய இடமெங்கும் நோய் அடைத்து இறுகியிருந்தது. ஊசியில் ஏதும் ஏறாததற்கு அதுவே காரணம் என்றார் மருத்துவர்.

வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தவள் முன் வந்து நின்றேன்.

"இன்னாங்க, பரவிடுச்சா?"

தலையசைத்தேன்.

"போர்ல தண்ணி வரலன்னா யாருனா சந்தோசப்படுவாங்களா? எனக்கு அன்னிக்கே சந்தேகந்தான்."

"கோயில்லயே சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிங்க சொல்றது? அவ்ளோ சந்தோசமா பாடிக்கினு இருந்தீங்க."

அன்று சந்நிதியில் ஒரு பாட்டையும் விடாமல் பாடினேன். துளைத்த இடுப்பில் பஞ்சுக் கட்டோடு, முடியும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.