நகரும் கல்லறைத் தோட்டம்

கல்லூரியில் புவியியல் கற்பிக்கும் சைலஸ், இலவசத் திறந்தமூல மென்பொருள் ஒன்றில் செயற்கைக்கோள் ரேடார் படங்களை ஒப்பிட்டு ஜவ்வாது மலைச் சரிவுகளை வரைபடமாக்கினார். அவருடைய ஊரின் கல்லறைத் தோட்டம் அதில் சிவப்பாகத் தெரிந்தது. அங்கே மண் மெல்ல ஓடைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி ஜெப்சியை அங்கேதான் அடக்கம் செய்திருந்தார்கள்.

திருச்சபைக் கூட்டத்தில் சைலஸ், மழையில் சரிவு இறங்குவதற்குள் உடல்களை வேறிடம் மாற்ற வேண்டும் என்றார். மகனை அங்கே புதைத்திருந்த ஜஸ்டஸ் எழுந்தார்.

"என் புள்ளைய தோண்டச் சொல்றியா? படம் தப்பா இருந்தா இன்னா பண்ணுவ?"

"தப்பாவும் இருக்கலாம்ண்ணா. அதான் மொதல்ல ஜெப்சிய எடுக்கிறேன்."

மறுநாள் சைலஸ் ஜெப்சியின் கல்லறையைத் தோண்டத் தொடங்கினார். ஜஸ்டஸ் வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

எல்லாரையும் மேட்டு நிலத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அந்த ஆண்டு மழையில் சரிவு இறங்கவில்லை, இன்னும் இறங்கவில்லை. அதற்காக சைலஸை யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.