மஞ்சள் வைத்த அரிசி மூட்டைகள்

வண்டியில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த என் வீட்டுக்காரர், வண்டிக்கார முனியாண்டி அண்ணன். பின்னால் எட்டு மூட்டை புழுங்கல் அரிசி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஓர் அடைமழை மாதம். ஈப்போ பட்டணத்தை ஒட்டிய புந்தோங்கில் தங்கை வீட்டுக்கு வந்திருந்தபோது வெள்ளத்தில் ஆற்றுப் பாலம் போய்விட்டது. தோட்டத்து வண்டியும் எங்களோடு ஈப்போவில் மாட்டிக்கொண்டது.

ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்கு இறங்கும் வண்டிதான் திரும்பும்போது எங்களுக்கு அரிசி கொண்டுவரும். ஷீட் இறங்காவிட்டால் சோறும் ஏறாது. தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்தில் ஒரு வாரமாக மரவள்ளிக் கிழங்குதான் என்று சேதி வந்தது.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். லகாட் வழியாக ஆற்றுக்குப் பதினோரு கட்டை, அதாவது பதினோரு மைல். வழி நல்லபடியாக இருக்கட்டும் என்று முனியாண்டி அண்ணன் ஒவ்வொரு மூட்டைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார். நானும் கும்பிட்டுக்கொண்டேன்.

அக்கரையில் லயத்து ஜனங்கள் தலையில் ஷீட்டோடு காத்திருந்தார்கள். மூங்கில் தெப்பத்தில் ஷீட் இந்தப் பக்கம் வந்தது, அரிசியும் நாங்களும் அந்தப் பக்கம் போனோம். மூட்டையைத் தொடப்போன கங்காணி மனைவி அங்கம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

“ஆத்தா மூட்டையில்ல இது? படைக்காம எப்படி வாயில வைக்கிறது?”

“வழிக்குத்தான் வச்சேன் அக்கா, படையலுக்கு இல்ல.”

“அத ஆத்தாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க அண்ணே, வழிச்செலவுன்னு.”

சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் மூட்டையைப் பிரிக்கவில்லை. மாரியம்மன் கோயில் இன்னும் இரண்டு கட்டை மேலே, வழியெல்லாம் சேறு. மூட்டைகள் போய்ச்சேர இருட்டிவிடும். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கருப்பன் மெதுவாகச் சொன்னான்: “பிள்ள பொறந்து பத்து நாளு அக்கா. எம் பொண்டாட்டிக்குப் பால் சுரக்கல.”

அங்கம்மாள் அவனைப் பார்த்தாள். ஆற்றில் இறங்கி ஒரு கல்லை எடுத்துக் கழுவி, ரப்பர் மரத்தடியில் நட்டு மஞ்சள் பூசினாள்.

“மூட்டையோட இம்புட்டுத் தூரம் வந்தவ, இன்னும் ரெண்டு கட்டை நடக்கச் சொல்வாளா?”

அங்கேயே கஞ்சி காய்ச்சிப் படைத்தோம். முதல் தூக்குச்சட்டி கருப்பன் கைக்குப் போனது. அவன் சேற்றில் ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது லாரி தோட்டத்து வாசல்வரை போகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் புதிதாகக் கட்டிய ஆற்றுப் பாலத்தில் இறங்கித் தோட்டத்துக்கு நடக்கலாம், மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம். அந்தக் கஞ்சியின் ருசி எந்தக் கோயில் பிரசாதத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கருப்பன் குடும்பம் பிறகு வேறு தோட்டத்துக்கு மாறிப்போனது. அந்தப் பெண்குழந்தைக்கு இன்று கல்யாணமே ஆகியிருக்கும். இதைப் படிப்பவர்களில் அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.