கொலின்ஸுக்காகக் கொளுத்திய மெழுகுதிரி

டிலோஜினி எங்கள் பள்ளிமுனை ஊர்ப் பிள்ளை. சண்டை முடிந்து முகாமிலிருந்து தாயோடு திரும்பி வந்து, விட்ட படிப்பை மறுபடி பிடித்து, கொம்பியூட்டர் படித்தவள். எங்கள் ஊரில் பிறந்து கனடாவில் இருக்கிற கொலின்ஸ் மன்னாரில் ஒரு கொம்பியூட்டர் வேலைக் கந்தோர் திறந்தபோது, அவளைத்தான் பொறுப்பாக வைத்தார். அங்கே கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போடுவது நான்.

இங்கே ஆறு பேர், வியட்நாமில் ஐந்து பேர். இரண்டு பக்கத்து வேலையையும் அவள்தான் பார்த்தாள். பின்னேரம் ஐந்து மணிக்குக் கொம்பியூட்டரில் எல்லாரும் முகம் பார்த்துக் கதைப்பார்கள். கனடாவில் அப்போதுதான் விடியும்; கொலின்ஸ் எழும்பினபடியே, தலை சீவி இழுக்காமல் வந்திருப்பார். வியட்நாம் பிள்ளை லானுக்கு ஏதும் விளங்காவிட்டால் டிலோஜினி படம் கீறிக் காட்டுவாள். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை.

ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழா. ஆறு பேரும் போகாமல் விடமாட்டார்கள். அந்த மூன்று நாளும் வேலை நிற்கக்கூடாதென்று, டிலோஜினி ஒரு மாதமாக இருந்து எல்லாவற்றையும் லானுக்கு எழுதிக் கொடுத்தாள்.

"இவ்வளவும் வேணுமோ மகள்?" என்று கேட்டேன்.

"மாதாவுக்கு முன்னால நிண்டு ஃபோனை நோண்டச் சொல்லுறீங்களோ அன்ரி?"

கொம்பியூட்டரில் கேட்டுக்கொண்டிருந்த கொலின்ஸ் சிரித்தார். "சந்தோசமாப் போய்ட்டு வாங்கோ. பிரான்சிஸ்கா அக்கா, எனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ. ஒரு காரியம் சரிவர வேணும்."

கொளுத்தினேன். அவர் நினைத்தது நடக்கட்டும் என்று முழங்காலில் நின்று மன்றாடினேன்.

திரும்பி வந்த காலை, பாஸ்வேர்ட் போட்டும் ஒருவருடைய கொம்பியூட்டரும் திறக்கவில்லை. பின்னேரம் டிலோஜினியின் ஃபோனில் கொலின்ஸ் வந்தார். அன்றைக்குத் தலை சீவி இழுத்திருந்தார்.

"லான் ஆக்கள் மூண்டு நாளும் குறையில்லாமல் செய்திட்டினம். இனி எனக்கு ரெண்டு இடம் தேவையில்லை. இந்த மாதத்தோட மன்னாரை மூடுறன். டிலோஜினி, நீங்கள் எழுதிக் குடுத்தது அவ்வளவு வடிவு."

"போய்ட்டு வாங்கோ எண்டது நீங்கள்தானே அண்ணா?"

"ஓம். அவையளால ஏலுமோ எண்டு பார்க்கத்தானே வேணும்."

மற்றப் பிள்ளைகள் பைகளை எடுத்தார்கள். டிலோஜினி கதிரையை விட்டு எழும்பவில்லை.

"உங்கட மன்றாட்டு உடனே கேட்டுப்போட்டுது அன்ரி" என்றாள்.

நான் கோப்பைகளைக் கழுவப் போனேன்.

இப்போது அவள் பக்கத்துக் கீரிக் கிராமத்தில் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கிறாள். வாயால் மட்டும்தான், எழுதிக் கொடுப்பதில்லை. நான் செபமாலையை விடவில்லை. ஆனால் எவருக்காகவும் மன்றாட முதல், என்ன காரியம் என்று கேட்டுக்கொள்கிறேன்.