கீழ் வீட்டு வேப்பிலை

ஜெர்மனியில், எசன் நகரில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வீங்கி நோவெடுக்கும். மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிவந்தேன். ஆபிரிக்காவின் தென்கோடியில் மணற்காட்டில் விளைகிற ஒரு கிழங்கில் செய்தது. அங்கே வீக்கத்துக்கும் நோவுக்கும் காலங்காலமாகக் கொடுப்பதாம். டொச் மொழியில் அதற்குப் பிசாசின் நகம் என்று பெயர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்துவிட்டேன்.

"பேயின்ர நகத்தை நான் காலில பூசவோ? நீயே பூசு" என்று களிம்பை என் பக்கம் தள்ளிவிட்டார். ஆகவே படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குவோம்.

அப்படித்தான் அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், கடைக்குப் போய்த் திரும்புகையில், இரண்டாம் மாடியில் நின்றோம். அங்கே தன்சானியாவிலிருந்து வந்த ஒரு புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவர்களுடைய கதவுக் கைப்பிடியில் ஒரு பெரிய கொத்து வேப்பிலை தொங்கியது. அம்மா உடனே சப்பாத்தைக் கழற்றினார். குளிர்ந்த கல்லில் காலுறையோடு நின்று கும்பிட்டார்.

"அம்மாள் வந்திருக்கிறா பிள்ளை. தட்டிப்போடாத. சத்தமில்லாம மேல வா."

தன்சானியாக்காரர் வீட்டில் அம்மாளுக்கு என்ன வேலை என்று நான் சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை. கதவு இடுக்கால் வேப்பிலை அவிகிற மணம் வந்தது. இரண்டு நாட்களாக எங்கள் குளியலறைக் காற்றுத் துளையாலும் அதே மணம் வந்துகொண்டிருந்தது. என் பிரமை என்று நினைத்திருந்தேன். அந்த மணம் வந்தால் அண்ணனும் வந்துவிடுவார். பற்கள் ஒன்றோடொன்று அடிபடுகிற சத்தமாகத்தான் வருவார், முகம் வராது.

வன்னியில் போரால் இடம்பெயர்ந்து ஒரு ஓலைக் கொட்டிலில் இருந்த காலம். அண்ணனுக்குக் குலைப்பன் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் வேர்க்குரு போட்டிருந்தது. அம்மா அதைக் கொப்புளம் என்று நினைத்துவிட்டார். அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, வந்த வீட்டில் மருந்து கொடுப்பதில்லை, வெளியார் உள்ளே வருவதில்லை. எல்லோருக்கும் விளங்கட்டும் என்று வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அம்மாவும் கட்டினார். மலேரியாவுக்கு விழுங்குகிற குளிசை கொண்டு கொட்டில் கொட்டிலாக வந்த தொண்டர்களின் காலடி எங்கள் வாசலில் நின்றது. நான் உள்ளே அண்ணனின் தலைமாட்டில் இருந்தேன். வேப்பிலையைக் கண்டிருப்பார்கள். காலடி நகர்ந்து போனது. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டதென்று அண்ணன் செத்த பிறகுதான் சொன்னார்கள். பிறகு சொல்லி என்ன? அன்றிலிருந்து எனக்கு வேப்பமரத்தையும் பிடிக்காது, அம்மாவின் பக்தியையும் பிடிக்காது.

நான் கதவைத் தட்டினேன். அம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "சும்மா விடுங்கோ அம்மா!" என்று கத்தியது கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

பெண்சாதி கதவைத் திறந்தாள். உள்ளே அவளுடைய புருசன் போர்வைக்குள், ஆவி பறக்கும் ஒரு பானைக்கு முன்னால் குந்தியிருந்தான். கண்கள் மஞ்சள். என்னை யாரோ என்று நினைத்துத் தன் பாஷையில் ஏதோ சொன்னான். பெண்சாதி டொச்சில் விளக்கினாள். தாயின் செத்தவீட்டுக்கு ஊருக்குப் போய் வந்தவனாம். குடும்ப டொக்டர் தொலைபேசியிலேயே தடிமன் காய்ச்சல் என்று சொல்லி, திங்கட்கிழமை வந்து காட்டச் சொல்லி டெர்மின் கொடுத்திருந்தாராம். ஊருக்குப் போனதை அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

"வாசலில் ஏன் இந்த இலை?" என்று கேட்டேன்.

"காய்வதற்கு. வீட்டுக்குள் இடமில்லை" என்றாள். "எங்கள் ஊரில் இதற்கு நாற்பது என்று பெயர். நாற்பது வருத்தத்தை மாற்றும். காய்ச்சலென்றால் இதைத்தான் அவிப்போம். தமிழ்க் கடையில்தான் வாங்கினேன். நீங்கள் பாவிப்பதில்லையா?"

"பாவிப்போம். அதுதான் பயமாக இருக்கிறது" என்றேன். "ஆஸ்பத்திரியால் வந்த பிறகு வாளி வாளியாகக் குடிக்கட்டும். இப்போது அம்புலன்ஸ் கூப்பிட வேணும்."

அவளுக்குக் கோபம் வந்தது. தன் தாயும் தாயின் தாயும் இதில்தான் பிழைத்தார்கள் என்றாள். இருக்கலாம். நான் வாதாடவில்லை. அவசர இலக்கத்துக்கு எடுத்து, தன்சானியா, மலேரியா என்ற இரண்டு சொற்களையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர்கள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கும்வரை அம்மா படியிலேயே, சப்பாத்தில்லாமல், சுவரைப் பிடித்தபடி நின்றார். என்னோடு ஒரு சொல் பேசவில்லை.

பிறகு வந்த நாட்களிலும் பேசவில்லை. நான் சமைத்ததைக் கொறித்துவிட்டு ஜன்னலோரம் இருந்தார். கீழ் வீட்டில் ஏதும் சத்தம் கேட்டால் தலையைச் சாய்த்துக் கேட்பார். எனக்கு இரண்டு பேருக்காகவும் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் பெண்சாதி மேலே ஏறிவந்தாள். மலேரியாதான், நல்ல காலம் நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டொக்டர்மார் சொன்னார்களாம். இப்போது எழும்பி இருந்து, ஆஸ்பத்திரிச் சூப்பைத் திட்டித் திட்டிக் குடிக்கிறானாம். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன்.

அவள் போனபின் அம்மா கூப்பிட்டார்.

"ஒண்டு கேக்கட்டே பிள்ளை?"

"கேளுங்கோ."

"நான் அதைக் கட்டாம விட்டிருந்தா, உன்ர அண்ணனும் எழும்பியிருப்பான் என்ன?"

ஓம் என்ற அந்தச் சொல் எத்தனையோ சண்டைகளில் என் நுனிநாக்குவரை வந்து திரும்பியிருக்கிறது. இன்று அவராகவே கேட்கிறார். சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இல்லையம்மா" என்றேன். "எங்கட வாசலுக்கு வரேக்க குளிசை முடிஞ்சு போச்சுது."



"எங்களைத் தாண்டிப் போய்ப் பக்கத்துக் கொட்டிலுக்குக் குடுத்தவங்கள்" என்றார் அம்மா. "நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."